கினியா வேறு, கினியா-பிசாவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் அண்மையில் கண்ட ஒரு பிழையைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, அது அந்த ஒரு பிழையோடு நிற்கவில்லை. கடிதத்தின் நீளத்தை முதலிலேயே பொறுத்தருள வேண்டுகிறேன்.

2025 நவம்பர் 26ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா-பிசாவு நாட்டில், அதிபர் தேர்தல் முடிவு வெளியாகவிருந்ததற்கு முந்தைய நாள், ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு 'கினியாவில் மீண்டும் ராணுவ ஆட்சி' என்று தலைப்பு. அருகிலிருந்த வரைபடத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருந்ததும் கினியாதான். அது பக்கத்து நாடு. கினியாவின் தலைநகர் கொனாக்ரி. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அந்நாடு, 1958இல் பிரெஞ்சுத் தலைவர் தெகோல் முன்வைத்த, பிரான்சோடு சேர்ந்திருக்கும் ஏற்பாட்டுக்கு 'வேண்டாம்' என்று வாக்களித்து விடுதலை பெற்றது. வெளியேறிய பிரெஞ்சு அதிகாரிகள் அலுவலகக் கோப்புகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கினியா-பிசாவு போர்த்துக்கீசியரிடம் இருந்தது. ஆயுதமேந்திப் போராடி, 1973 செப்டம்பரில் தன் விடுதலையைத் தானே அறிவித்துக்கொண்டது. போர்த்துக்கல் அதை ஏற்க இன்னும் ஓராண்டு ஆயிற்று. அந்தப் போராட்டத்தின் தலைவர் அமில்கார் கப்ரால் விடுதலையைக் காணாமலே 1973 ஜனவரி 20ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்ட இடம் பக்கத்து நாட்டின் கொனாக்ரி நகரம். இரு நாடுகளையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால், எனக்குத் தெரிந்தவரை அது இதுதான்.

நான் தண்டையார்பேட்டைவாசி. லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 33 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆப்பிரிக்க மண்ணில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் லோமே, டெமா, அபிஜான், டார் எஸ் சலாம், பெய்ரா, நக்காலா ஆகிய துறைமுகங்களின் பெயர்களைக் கப்பல் சரக்குச் சீட்டுகளில் பார்த்துப் பார்த்து, அவை என் தெருப் பெயர்களைப் போலவே எனக்குப் பழகிவிட்டன. முந்திரிக் கொட்டை பெரும்பாலும் தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்குமே போகும். எங்கள் ஹார்பருக்கு மரமும் பருப்பும் பழைய இரும்புமே அதிகம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் தப்பித் தவறி முந்திரிக் கொட்டைச் சரக்கு ஒன்று எங்களிடம் வந்தது. உற்பத்தி நாடு என்னும் கட்டத்தில் கினியா-பிசாவு என்று நிரப்ப வேண்டியதை, பின்பாதி ஊர்ப் பெயர்தானே என்று நினைத்து, கினியா என்று நிரப்பினேன். சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகாமல் கண்டெய்னர் ஒன்பது நாள் நின்றது. அந்த ஒன்பது நாளுக்கான டெமரேஜில், அதாவது தாமதக் கட்டணத்தில், ஒரு பகுதி என் சம்பளத்திலிருந்து மூன்று மாதம் பிடிக்கப்பட்டது. எனவே தங்கள் உதவி ஆசிரியரைக் குறை சொல்லும் தகுதி எனக்குண்டா என்று ஒரு கணம் தயங்கினேன். நாளிதழ்ப் பிழைக்கு டெமரேஜ் கிடையாது என்பது நினைவுக்கு வந்ததும் தயக்கம் போய்விட்டது.

பெயர் பிசகுவது சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வட சென்னைக்காரன். காசிமேட்டில் வலை பின்னுபவரும், பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவரும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறவரும், கொற்றலை ஆற்றின் முகத்துவாரத்தில் இறால் தடவிப் பிடிப்பவரும் வேறு வேறு வாழ்க்கை வாழ்கிறவர்கள். ஆயினும் நகரத்தின் மற்ற பகுதிக்கு நாங்கள் எல்லோரும் 'வட சென்னை' என்னும் ஒரே சொல்தான். கத்திக்குத்து நடந்தால், வெள்ளம் புகுந்தால், வாயு கசிந்தால் அந்தச் சொல் அச்சில் வரும். மற்ற நாட்களில் வராது. திரைப்படத்துக்கு வெளியே நாங்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் என்பதைப் பெண் கொடுக்க வருகிற வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பற்றிய செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாயல் தெரிகிறது. ஐ.நா.வில் 54 உறுப்பு நாடுகளைக் கொண்ட, இந்தியாவைப் போல ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புள்ள, ஏறத்தாழ 150 கோடி மக்கள் வாழ்கிற ஒரு கண்டத்தை ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டு, அச்சொல்லுக்கு ராணுவப் புரட்சி, பஞ்சம், தொற்றுநோய் என்னும் மூன்று பொருள்களை மட்டுமே அகராதியில் வைத்திருக்கிறோம்.

தங்கள் கட்டுரை 2020 முதல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளை வரிசைப்படுத்தியது. மாலியில் 2020லும் 2021லும், கினியாவில் 2021இல், புர்க்கினா ஃபாசோவில் 2022இல் இரு முறை, நைஜரிலும் காபோனிலும் 2023இல், மடகாஸ்கரில் 2025 அக்டோபரில், பிறகு கினியா-பிசாவில். பட்டியலில் இருந்தவை சரியானவை. ஆனால் நைஜர் சிப்பாய் எதற்காகத் துப்பாக்கியைத் தலைநகரின் பக்கம் திருப்பினார், தெருவில் இளைஞர்கள் ஏன் அவரை வரவேற்றார்கள் என்பது பட்டியலில் இல்லை. சஹாராவுக்குத் தெற்கே ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகளில், பிரெஞ்சுப் படை அங்கே இருந்தும் கொலை நிற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளின் மேல் இருந்த கசப்பும், விடுதலைக்குப் பிறகும் நாணயத்திலும் சுரங்கத்திலும் பாரிஸின் கை இருக்கிறதென்ற கசப்பும் ஒன்று சேர்ந்தன. பிரெஞ்சுப் படை 2022இல் மாலியை விட்டும், 2023இல் புர்க்கினா ஃபாசோவையும் நைஜரையும் விட்டும் வெளியேறியது. அம்மூன்று நாடுகளும் தமக்குள் கூட்டணி அமைத்துக்கொண்டு, 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து விலகின.

இதை எழுதுவதால் ராணுவ ஆட்சியாளர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பாதுகாப்பைத் தருவோம் என்று வந்தவர்கள் அதைத் தரவில்லை. 2025 செப்டம்பர் முதல் மாலியின் தலைநகருக்கு வரும் எரிபொருள் லாரிகளை ஆயுதக் குழு மறித்து எரித்ததில், பள்ளிகளையே இரு வாரம் மூட வேண்டியதாயிற்று. தேர்தல் நடத்துவதாகச் சொன்ன மாலியின் தளபதி, தேர்தலே இல்லாமல் தமக்கு ஐந்தாண்டு பதவிக்காலம் எழுதிக்கொண்டார். நான் கேட்பது காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான்.

அதே ஆண்டுகளில் அக்கண்டத்தில் நடந்த மற்றவற்றுக்குத் தங்கள் பக்கத்தில் எவ்வளவு இடம் கிடைத்தது என்று என் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். (ஓய்வு பெற்றவனுக்கு இதற்கெல்லாம் நேரம் உண்டு, பழைய தாளைக் கடையில் போடச் சொல்லி வீட்டில் நடக்கும் வாதம் வேறு கதை.) செனகலில் தேர்தலைத் தள்ளிப்போட அதிபர் செய்த முயற்சியை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியல் சாசன மன்றமே தடுத்தது. மார்ச் 14ஆம் தேதி சிறையிலிருந்து வெளியே வந்த எதிர்க்கட்சிக்காரர் பாசிரு ஜோமாய் ஃபாய், பத்தே நாளில் நடந்த தேர்தலில் வென்று 44 வயதில் அதிபரானார். போட்ஸ்வானாவில் 1966இல் விடுதலை பெற்ற நாள் முதல் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி 2024இல் தோற்றது. தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார். கானாவில் டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர், அதிகாரபூர்வ முடிவு வரும் முன்பே எதிர் வேட்பாளரை வாழ்த்தினார். தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவின் கட்சி 1994க்குப் பிறகு முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்து, ஏறத்தாழ 40 விழுக்காட்டோடு கூட்டணி ஆட்சிக்கு இறங்கி வந்தது. இவை அனைத்தும் ஒரே ஆண்டில் நடந்தவை. இவற்றில் தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் கால் பத்தி கிடைத்திருந்தது.

கென்யாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 2024 ஜூனில் புதிய வரி மசோதாவை எதிர்த்துக் கட்சிக் கொடி இல்லாமல், தலைவர் இல்லாமல், கைப்பேசியோடு தெருவுக்கு வந்த இளைஞர்கள் 25ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். காவல்துறை சுட்டதில் பலர் இறந்தார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவுக்குக் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். ஆப்பிரிக்க மக்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 19 வயதுக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்களை ஆள்வோரில் ஒருவர், கேமரூனின் பால் பியா, 1982 முதல் அதிபர். 92 வயதில், 2025 அக்டோபரில், எட்டாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டவர். இந்த வயது இடைவெளிதான் அக்கண்டத்தின் இன்றைய அரசியலில் முக்கியமான செய்தி என்று நான் கருதுகிறேன். ராணுவச் சீருடை அதற்கு அடுத்தபடிதான்.

இனி என் தொழில் வழியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். துவரம் பருப்பில் 'மத்வாரா' என்றும் 'அருஷா' என்றும் வியாபாரிகள் வாயில் புழங்கும் இரு வகைகள் உண்டு. பருப்பு மண்டியில் அவற்றைச் சொல்லி விலை கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அவை தான்சானியாவின் ஊர்கள் என்று தெரியும் என்பது எனக்குத் தெரியாது. 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சாம்பார் நீர்த்துப்போனதைக் கேலிச்சித்திரமாகவே போட்டிருந்தீர்கள். அதன் பின் 2016 ஜூலையில் இந்தியப் பிரதமர் மொசாம்பிக் சென்றபோது, அங்கிருந்து அவ்வாண்டு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி ஐந்தாண்டுகளில் இரண்டு லட்சம் டன் வரை துவரையை இந்தியா வாங்கும் என்று உடன்பாடு கையெழுத்தானது. இந்தியா வாங்குகிறது என்ற ஒரே சொல்லை நம்பி மொசாம்பிக்கின் வடபகுதியிலும் அண்டை நாடான மலாவியிலும் சிறு விவசாயிகள் துவரை விதைத்தார்கள். அம்மக்களின் அன்றாடச் சமையலில் துவரைக்கு நம் வீட்டில் உள்ள இடம் கிடையாது; நமக்காகவே விதைத்தார்கள். அடுத்த ஆண்டே இந்தியாவில் மழை நன்றாகப் பெய்து விளைச்சல் குவிந்தது. நம் விவசாயிக்கு விலை விழுந்துவிடக் கூடாதென்று 2017 ஆகஸ்டில் மத்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று உச்சவரம்பு விதித்தது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான மொசாம்பிக் உடன்பாட்டுக்கு விலக்கு இருந்தது. ஆனாலும் அங்கே வயலோரத்தில் விலை சரிந்தது. மூட்டை கட்டி வைத்தவர் வாங்க ஆள் இல்லாமல் நின்றார். பிறகு 2021 மே மாதத்தில் தட்டுப்பாடு வந்ததும் கதவு மறுபடி திறந்தது.

டெல்லியில் எடுத்த முடிவு நம் விவசாயியைக் காப்பதற்காக எடுத்தது. அதில் தவறு காண எனக்கு உரிமை இல்லை. ஆனால் அம்முடிவு பற்றித் தங்கள் வணிகப் பக்கம் எழுதிய செய்தியில் விருதுநகர் விலை இருந்தது, குல்பர்கா விலை இருந்தது. கடலுக்கு அக்கரையில் அதே துவரையை விதைத்தவர் என்ன ஆனார் என்று ஒரு வரி இல்லை. எங்கள் தெரு ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பு வருகிற மாதத்திலும், 'இன்னும் சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் வாங்க' என்று அட்டையைத் திருப்பிக் கொடுக்கிற மாதத்திலும், வரிசையில் நிற்கும் எனக்கு நக்காலா துறைமுகம் நினைவுக்கு வருவதுண்டு. பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அரிசியும் இப்படித்தான். உலகச் சந்தையில் விற்பனையாகும் அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவினுடையது. நாம் கோழிக்கும் கஞ்சிக்கும் ஒதுக்குகிற நொய் அரிசியே செனகலில், காம்பியாவில் வீட்டுச் சாப்பாடு. மீனோடு நொய்யைச் சேர்த்துச் சமைப்பது செனகலின் பெருமைக்குரிய உணவு. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரிலும் நொய்த் தடை 2025 மார்ச்சிலும் நீங்கின. இந்த இடைவெளியில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் அரிசிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் இந்தியச் செய்திதானே?

கினியா-பிசாவுக்கே திரும்புகிறேன். அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரிய பங்கு முந்திரிக் கொட்டை என்னும் ஒரே பொருளில் இருக்கிறது. பிரேசிலிலிருந்து முந்திரி மரத்தை அங்கேயும் இங்கேயும் கொண்டுவந்து நட்டவர்கள் அதே போர்த்துக்கீசியர்தாம். ஏப்ரலில் அறுவடை தொடங்கினால், கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்கும் பண்டமாற்று கிராமங்களில் இன்றும் நடக்கிறது. கொட்டையை உடைத்துப் பருப்பாக்கும் வேலை அங்கே மிகக் குறைவு. பெரும்பகுதி உடைக்காமலே கப்பலேறி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. நம் பண்ருட்டியிலும் கொல்லத்திலும் பெண்கள் அதை உடைக்கிறார்கள். தோட்டு எண்ணெய் பட்டு அவர்கள் விரல் கறுத்துத் தோல் உரிகிறது. கொட்டைக்கும் பருப்புக்கும் இடையில் உள்ள விலை வித்தியாசம் கினியா-பிசாவில் தங்குவதில்லை. பண்ருட்டிப் பெண்ணின் கூலியிலும் பெரிதாகத் தெரிவதில்லை. அது எங்கே தங்குகிறது என்பதைத் தங்கள் செய்தியாளர் ஒருவர் இரு முனையிலும் போய்ப் பார்த்து எழுதினால், அதுவே அந்நாட்டில் துப்பாக்கி அடிக்கடி ஏன் வெளியே வருகிறது என்பதற்குப் பாதி விளக்கமாக அமையும். அரசுக்கு வரி வேண்டுமானால் ஒரு பொருள். கொள்ளையடிக்க வேண்டுமானாலும் அதே ஒரு பொருள். அரசைப் பிடித்தவர் அதைப் பிடிக்கிறார்.

தோண்டியதையும் விளைந்ததையும் அப்படியே அனுப்ப மாட்டோம், எங்கள் மண்ணிலேயே பக்குவம் செய்வோம் என்னும் பேச்சு இப்போது அக்கண்டம் முழுவதும் கேட்கிறது. காபோன் 2010இலேயே மரத்தை அறுக்காமல் அனுப்பத் தடை விதித்தது. அப்போது எங்கள் அலுவலகத்துக்கு வந்த மர வியாபாரிகள் பட்ட எரிச்சலை நான் கண்ணால் கண்டேன், அந்த எரிச்சலே தடை சரியென்று எனக்கு உணர்த்தியது. ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் லித்தியம் தாதுவுக்கும், நமீபியா 2023 ஜூனில் லித்தியம் உள்ளிட்ட அரிய கனிமங்களுக்கும் இதையே செய்தன. உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தோண்டும் காங்கோ ஜனநாயகக் குடியரசு, விலை தரைதட்டியதும் 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியையே நிறுத்தி, அக்டோபரில் பங்கீடு வைத்துத் திறந்தது. நம் கைப்பேசி பேட்டரியில் இருப்பது அந்தக் கோபால்ட். அதே நாட்டின் கிழக்கில், அதே 2025இன் தொடக்கத்தில், ருவாண்டாவின் துணை பெற்ற எம்23 கிளர்ச்சிப் படை கோமா, புக்காவு ஆகிய நகரங்களைப் பிடித்தது.

நைஜீரியாவின் கதை எங்கள் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. பல பத்தாண்டுகள் கச்சா எண்ணெயை விற்ற அந்நாடு பெட்ரோலை இறக்குமதி செய்தே வண்டி ஓட்டியது. அரசு கட்டிய சுத்திகரிப்பு ஆலைகள் துருப்பிடித்துக் கிடந்தன. இப்போது லாகோஸை அடுத்த லெக்கியில், நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்கும் திறனோடு, அலிக்கோ டங்கோட்டே கட்டிய தனியார் ஆலை 2024 முதல் இயங்குகிறது. ஆப்பிரிக்கா எழுகிறது என்று தலைப்பிட ஏற்ற செய்தி. ஆனால் ஆலை வருவதை மட்டும் வளர்ச்சி என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை ஆலைக்குக் காற்று வீசும் திசையில் குடியிருக்கிற நாங்கள் முழுதாக நம்புவதில்லை. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் ஒகோனி மக்களின் நீரிலும் வயலிலும் எண்ணெய் படிந்ததை எதிர்த்துப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10ஆம் தேதி ராணுவ அரசு தூக்கிலிட்டது. 2025 ஜூனில் நைஜீரிய அதிபர் அவர்களுக்கு 'மன்னிப்பு' வழங்கினார். யார் யாருக்கு மன்னிப்பு வழங்குவது என்று அங்கே பலர் கேட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, படகும் வலையும் நண்டும் ஒரே கறுப்பாக நின்றதைப் பார்த்தவனுக்கு, ஒகோனி என்பது தொலைவில் உள்ள பெயரல்ல. கையால் எண்ணெயை வழித்தெடுத்த எங்கள் மீனவரின் படத்தைத் தாங்கள் முதல் பக்கத்தில் போட்டீர்கள். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தமிழருக்கும் அக்கண்டத்துக்கும் உள்ள பழைய தொடர்பைத் தங்கள் இதழ் மறப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொரீசியசில் காவடி எடுப்பதும், அந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருப்பதும் ஆண்டுதோறும் படத்தோடு வருகின்றன. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அவர்கள் புறப்பட்டது இந்த மதராஸிலிருந்து. அப்போது ஹார்பர் இல்லை. அலையைத் தாண்டி மசூலாப் படகில் போய்த்தான் கப்பலேற வேண்டும். ராயபுரம் கடற்கரையில் நிற்கும்போது நான் நினைத்துக்கொள்வதும் அதைத்தான். ஆனால் நம்மவர் போன இடமாக மட்டுமே அந்நாடுகளைப் பார்ப்பதில் ஒரு கோணல் வந்துவிடுகிறது. 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் கலவரமும் கொள்ளையும் நடந்து 350க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இந்திய வம்சாவளியினர் அஞ்சி வாழ்கிறார்கள் என்ற செய்தியையே நான் தமிழில் மிகுதியாக வாசித்தேன், அச்சம் உண்மைதான். டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பகுதியில் கொல்லப்பட்ட 36 பேரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பதும் உண்மைதான். அதை நான் தமிழில் எங்கும் வாசிக்கவில்லை.

மருந்திலும் இதே கணக்கு உண்டு. 2001இல் ஓர் இந்திய நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது ஆப்பிரிக்காவில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதைப் பெருமையாக எழுதுகிறோம், எழுத வேண்டியதுதான். 2022 அக்டோபரில் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவை இந்தியாவில் தயாரான நான்கு மருந்துநீர்களோடு தொடர்புபடுத்தி உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தபோது, அது உள்பக்கத்து மூலையில் போயிற்று. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் நம் மாநிலத்து மருந்தால் குழந்தைகள் இறந்த பிறகே டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருளின் பெயர் நம் வாயில் நுழைந்தது.

உலக அரங்கில் அக்கண்டத்தின் இடம் பற்றிச் சுருக்கமாக. 2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த ஜி20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினராயிற்று. அதில் இந்தியாவின் பங்கைப் பெருமையோடு எழுதினீர்கள். 2025 நவம்பரில் அதே அமைப்பு முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், ஜோகன்னஸ்பர்க்கில், கூடியது, அமெரிக்கா வரவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர இடங்களில் ஒன்றுகூட அக்கண்டத்துக்கு இல்லை. இரண்டு வேண்டுமென்று 2005 முதல் கேட்டு நிற்கிறார்கள், நாமும் அதே வாசலில்தான் நிற்கிறோம். 1884-85இல் பெர்லினில் மேசை போட்டு ஆப்பிரிக்காவைப் பங்கிட்டபோது ஓர் ஆப்பிரிக்கரையும் அழைக்கவில்லை என்பதை நம் பாடநூலிலேயே படித்தோம். அந்த மேசைக்கும் இன்றைய மேசைகளுக்கும் என்ன வேறுபாடு என்பது வாசகர் கேட்கக்கூடிய கேள்வி.

சூடானைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. 2023 ஏப்ரல் 15 முதல் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்னும் துணைப்படைக்கும் இடையே நடக்கும் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். 2025 அக்டோபரில் எல் ஃபாஷிர் நகரம் நீண்ட முற்றுகைக்குப் பின் துணைப்படையிடம் விழுந்தபோது நடந்த கொலைகள் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தன. அந்நாட்டுத் தங்கத்தின் பெரும்பகுதி துபாய்க்குப் போகிறது. துபாய்த் தங்கத்தின் விலையை நாள்தோறும் அச்சிடும் இதழ், அதன் ஊற்றில் நடக்கும் போருக்கு வாரம் ஒரு பத்தி ஒதுக்குவது மிகையாகாது.

தங்களிடம் நான் வேண்டுவன அதிகமில்லை. தலைப்பில் கண்டத்தின் பெயருக்குப் பதில் நாட்டின் பெயரைப் போடுங்கள். 'ஆசியாவில் வெள்ளம்' என்று நம் வெள்ளத்துக்கு ஒருவர் தலைப்பிட்டால் நாம் சிரிப்போம். செய்தி நிறுவனங்கள் ஐரோப்பாவிலிருந்து அனுப்புவதை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், நைரோபியிலும் லாகோஸிலும் அக்ராவிலும் அவர்களே நடத்தும் நாளிதழ்கள் என்ன எழுதுகின்றன என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். வணிகப் பக்கத்தில் விருதுநகர் விலைக்குக் கீழே நக்காலா விலைக்கு ஒரு வரி விடுங்கள். 'இருண்ட கண்டம்' என்னும் தொடரை அச்சுக்கூடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். இந்தக் கோடையில் எங்கள் தெருவில் போன மின்சாரத்தை வைத்துப் பார்த்தால் அதைச் சொல்லும் தகுதியும் நமக்கில்லை.

கினியா பற்றிய திருத்தத்தை அதே உலகச் செய்திப் பக்கத்தில், முதலில் வந்த வரைபடத்தின் அளவிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உதவியாக இருக்கட்டும் என்று, அலுவலகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய கப்பல் வழி வரைபடத்தை இத்துடன் இணைத்துள்ளேன். மேற்குக் கரையில் கினியா-பிசாவைச் சுற்றி அந்தக் காலத்தில் நான் போட்ட சிவப்புப் பென்சில் வட்டம் இன்னும் தெரிகிறது. வரைபடத்தைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை.